மாத்திரையை விழுங்காமல் வந்த ஓட்டுநர்: செங்கல்பட்டிலிருந்து புதுப்பட்டினம் வரை ஒரு பகல்

டிசம்பர் முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை. இரண்டு மழைகளுக்கு நடுவே கிடைத்த வெயில் நாள். சிங்கப்பெருமாள் கோயிலில் கிளம்பி செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வழியாகப் புதுப்பட்டினம் வரை போய்த் திரும்பினோம். போகவர நூறு கிலோமீட்டருக்குள். நான்கு பேர். ஒருவர் நோயாளி.

புற்றுநோய் உள்ள ஒருவரை ஒரு நாள் வெளியே அழைத்துப் போக முடியுமா என்று கேட்டு இரண்டு பேர் எனக்கு எழுதியிருந்தார்கள். முடியும். இந்தப் பதிவு அவர்களுக்காக. பாதை, செலவு, மருந்து நேரம் எல்லாம் இதில் இருக்கும். எங்கே தவறினோம் என்பதும் இருக்கும். அதைத் தனியாகப் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

நோயாளி என் மாமா, தேவராஜ். அம்மாவின் தம்பி. ஐம்பத்திரண்டு வயது. சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்திலிருந்து தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் வேன் ஓட்டியவர். சிறுநீரகத்தில் தொடங்கிய கட்டி முதுகெலும்புக்கு வந்திருந்தது. நோயை விரட்டும் சிகிச்சை முடிந்துபோய், வலியைக் குறைக்கும் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரை, நடு இரவு வேளை மட்டும் கிடையாது. வயிறு இறுகாமல் இருக்க இரவில் ஒரு மருந்து. கூட வந்தவர்கள் மூவர்: மாமாவின் மனைவி மேரி அத்தை, மாமாவோடு அதே ஸ்டாண்டில் வண்டி போட்ட பாபு, நான். வேன் பாபுவுடையது.

நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முந்தைய நாள் இரவிலிருந்து மாமா ஒரு மாத்திரையையும் விழுங்கவில்லை. வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்து, அத்தை திரும்பியதும் துண்டில் துப்பியிருக்கிறார். தெளிந்த தலையோடு வண்டி ஓட்ட வேண்டும் என்பதற்காக. கடற்கரைச் சாலையில் ஒரு தடவை, கொஞ்ச தூரம். இது எங்களுக்கு மாமல்லபுரம் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. அதுவரைக்கும் அவருடைய வலியைப் பார்த்துக்கொண்டே, அவர் சந்தோஷமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு வந்தோம்.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். முந்தைய இரவே நான் இருக்கும் படூரிலிருந்து வந்து அத்தை வீட்டில் தங்கிவிட்டேன். கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகக் காலையில் வந்தால் நேரத்தை நம்ப முடியாது. வேன் வாடகை டீசலோடு 3,500. பாபு வாங்க மாட்டேன் என்றார். அத்தை அவர் சட்டைப் பையில் திணித்தார்.

நடு இருக்கையில் இரண்டு தலையணை, ஒரு போர்வை, பிளாஸ்டிக் பை, தண்ணீர், ஈரத்துண்டு, கழுத்துக்குச் சுருட்டிய புடவை. முதுகெலும்பு நோயாளிக்கு எங்கே முட்டுக்கொடுக்க வேண்டும் என்று செவிலியர் சொல்லிக் கொடுத்திருந்தார். அதை அப்படியே செய்தேன். நான் நன்றாகத் திட்டமிடுவேன் என்று எல்லோரும் சொல்வார்கள்.

மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முகம் மழித்திருந்தார். "இன்னா மாமா, பொண்ணு பாக்கப் போறியா?" என்றேன்.

"உங்க அத்தைய வுட்டுட்டு வரச் சொல்லு, போலாம்" என்றார்.

"போய்யா. போற எடத்துல உன்ன யாரு தூக்குவா?" என்று அத்தை சிரித்தார்.

இட்லி இரண்டுதான் சாப்பிட்டார். நேற்றைவிட ஒன்று அதிகம் என்று அத்தை என்னிடம் விரலால் காட்டினார். பல நாளாக மாமா அரைத் தூக்கத்தில் இருந்தார். பேச்சை நடுவில் விட்டுவிட்டுக் கண் மூடிக்கொள்வார். அன்று காலை கண்கள் திறந்திருந்தன. கேள்விக்கு உடனே பதில் வந்தது. மாத்திரை ஒத்துப்போக ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தோம். மாத்திரையே உள்ளே போகவில்லை.

ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டு பதினொரு கிலோமீட்டர். ஷிப்ட் பேருந்துகள் எதிரே வரும் நேரம். பாபு ஒரு லாரியை ஒட்டிப் போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"டேய், அவன் பின்னாடி இன்னா மோந்து பாத்துகினே போற? ரைட்ல கேப்பு கீது பாரு."

"நைனா, நீ பேஷண்ட்டு. கம்னு வா."

"பேஷண்ட்டுக்குக் கண்ணு தெரியாதா?"

கொளவாய் ஏரி நிரம்பியிருந்தது. நான் படம் எடுத்தேன். படத்தின் ஓரத்தில் மாமாவின் கை இருக்கிறது. கதவுக்கு மேலுள்ள பிடியைப் பிடித்த கை. விரல் முட்டிகள் வெளுத்திருக்கின்றன. அன்று அதைப் பார்க்கவில்லை. ஏரியைத்தான் பார்த்தேன்.

எட்டேகாலுக்குச் செங்கல்பட்டு மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவு. வாரத்தில் ஒரு நாள்தான் நடக்கும் என்பதால் பயணத்தை அந்த நாளிலேயே வைத்தேன். மருந்து வாங்கிய கையோடு கடற்கரைக்குப் போய்விடலாம். இதை மற்றவர்களுக்கும் பரிந்துரைக்கிறேன். ஆனால் சீக்கிரம் போங்கள். ஒன்பதுக்கு மேல் போனால் உட்கார இடம் கிடைக்காது. உட்கார முடியாதவர்கள்தான் அங்கே வருகிறார்கள்.

மருத்துவர் இளம்பெண். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி. பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. இப்போது எத்தனை?

"ரெண்டு" என்றார் மாமா.

"போன வாரம் மூணு சொன்னீங்க."

"இப்ப ரெண்டும்மா."

"தூக்கம்?"

"சூப்பர்."

மருத்துவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நானும். மருந்து அளவு அப்படியே இருக்கட்டும் என்றார். வெளியே போய்வரலாமா என்று கேட்டேன். தாராளமாக, மாத்திரை நேரம் மட்டும் தவறக் கூடாது, அவசரம் என்றால் சிஸ்டருக்குப் போன் செய்யுங்கள் என்று எண் கொடுத்தார். பத்து மணிக்கு அத்தை தாழ்வாரத்தில் மாத்திரையை மாமாவின் உள்ளங்கையில் வைத்தார். மாமா வாயில் போட்டுக்கொண்டு பாட்டிலைத் தூக்கினார். தொண்டை அசைந்தது. நான் பார்த்தேன். தண்ணீருக்கும் தொண்டை அசையும்.

பத்தேகாலுக்குச் செங்கல்பட்டை விட்டோம். திருக்கழுக்குன்றம் பதினாலு கிலோமீட்டர். சாலை நன்றாகவே இருக்கிறது. வேகத்தடைகள் அதிகம். எண்ணத் தொடங்கினேன், பிறகு விட்டுவிட்டேன். முதுகுவலிக்காரர்களோடு போகிறவர்கள் ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவையுங்கள். பாபு ஒவ்வொரு தடைக்கும் ஏறக்குறைய நின்று ஏறினார். பின்னால் பைக்கில் வந்த ஒருவன் "இன்னாண்ணா, மாட்டு வண்டியா?" என்று கத்திவிட்டுப் போனான்.

"கல்யாண மாப்ள கீறாரு உள்ள" என்று பாபு திருப்பிக் கத்தினார்.

மாமா சிரிக்கவில்லை. மலைக்கோயில் தெரிய ஆரம்பித்திருந்தது. வயல்களில் தண்ணீர். அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். மேல் உதட்டில் வியர்வை இருந்தது. வெயில் என்று நினைத்து ஜன்னலை இன்னும் இறக்கினேன். பேசாமல் வந்தார். மௌனத்தைப் பற்றி நிறையப் படித்தவள் நான். அதற்கு அர்த்தம் கொடுப்பது எனக்கு எளிது. இது அமைதி என்று முடிவு செய்து, அதைக் கலைக்காமல் இருந்தேன். இன்றைக்கு யோசித்தால், அந்தப் பதினைந்து நிமிடங்களில் "வலிக்கிறதா மாமா?" என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

மாமல்லபுரம் பதினொன்றேகாலுக்கு. பேருந்து நிலையம் பக்கம் ஒரு விடுதியில் பகலுக்கு மட்டும் அறை எடுத்திருந்தேன். தரைத்தளம், மேற்கத்தியக் கழிப்பறை, வாசலில் படி இல்லை. 1,500 ரூபாய். நோயாளி படுக்க ஓர் இடம் இல்லாமல் இந்தப் பயணத்தைத் தொடங்காதீர்கள். நாங்கள் அந்த அறையைத் திறக்கவே இல்லை. பணத்தைத் திருப்பித் தரவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

கடற்கரைக் கோயிலுக்குச் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று விசாரிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மாமா இறங்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கல்லு இன்னா ஓடியா போவப் போது? எத்தினியோ காலமா அங்கதான் கீது. வண்டிய எடு. கல்பாக்கம் ரோட்ல போலாம்."

"வெயிலுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் படுய்யா" என்றார் அத்தை.

"வூட்ல படுத்துகினுதான கீறேன். இங்கயும் வந்து படுக்கவா?"

இளநீர் வாங்கினோம், ஒன்று அறுபது. மாமா இரண்டு வாய் குடித்துவிட்டுக் கொடுத்துவிட்டார். கிளம்பினோம். அவருக்குப் பிடித்த சாலை என்றார் பாபு. இருபது வயதில் மீன் வண்டிக்குக் கிளீனராகப் போய் அந்தச் சாலையில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாராம். எனக்கு அது புதுச் செய்தி. மாமல்லபுரத்துக்குப் போகலாமா என்று நான் கேட்டபோது அவர் உடனே சரி சொன்னதற்குக் கடல்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். நோயாளிகளுக்குக் கடல் பிடிக்கும் என்று யார் எனக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

மாமல்லபுரத்திலிருந்து புதுப்பட்டினம் பதினைந்து கிலோமீட்டர். சாலையை அகலப்படுத்தும் வேலை நடக்கிறது. சில இடங்களில் மாற்றுப்பாதை, ஜல்லி, திடீர்ப் பள்ளம். பாதிக்கு மேல் போனதும் வேலை முடிந்த ஒரு நீளம் வந்தது. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு. போக்குவரத்து இல்லை.

"ஓரங்கட்டு" என்றார் மாமா.

பாபு நிறுத்தினார். சிறுநீர் கழிக்க என்று நினைத்து நான் இறங்கிக் கதவைத் திறந்தேன்.

"சாவி குட்றா."

"இன்னாண்ணாத்த, விளையாட்றியா?"

"இந்த தோப்பு முடியற வரைக்கும். அவ்ளோதான்."

"மாத்திரை போட்டுகினு கீற. ஸ்டீரிங்க தொடலாமா? நீயே சொல்லு."

அப்போதுதான் மாமா சட்டைப் பையிலிருந்து துண்டின் முனையை எடுத்துப் பிரித்தார். வெள்ளையாக மூன்று. பாதி கரைந்து துணியோடு ஒட்டியிருந்தன.

"நேத்து நைட்லர்ந்து போடல. சுத்தமா கீறேன். வேணும்னா வாய மோந்து பாரு."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஸ்டாண்டில் மாமாவுக்கு ஒரு பெயர் உண்டு. டூட்டி நாளில் இருமல் மருந்துகூடக் குடிக்க மாட்டார். தலை கிறுகிறுத்தால் சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிடுவார். குடித்துவிட்டு வந்தவனிடமிருந்து சாவியைப் பிடுங்கியிருக்கிறார். ஒரு தடவை பாபுவிடமிருந்தே. ஓட்டுகிறவன் உடம்பில் எதுவும் ஓடக் கூடாது. அவர்களுக்குள் இருந்த சட்டம் அது ஒன்றுதான். மார்ஃபினும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அது மருந்து என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொன்னோம். அது மருந்தில்லை என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. அதைப் போட்டுக்கொண்டால் ஓட்டக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். அது சரியும்கூட.

பாபு மூன்று மாத்திரைகளையும் பார்த்தார். பிறகு மாமாவின் முகத்தை. "முந்தாநேத்து போன் பண்ணி கிளட்ச்சு டைட்டா, லூசான்னு கேட்டுகினு இருந்த. நான் சும்மா பேசறன்னு நெனச்சேன்" என்றார். சாவியைக் கொடுத்தார். சட்டப்படி கொடுக்கக் கூடியதுதான் என்பதுபோல.

அத்தை, "யோவ், வலிக்கலயா உனுக்கு? நேத்துலர்ந்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குரல் ஏறவில்லை. அதே கேள்வி, அதே குரல்.

நான் தடுக்கவில்லை. காலி சாலை, கொஞ்ச தூரம், பாபு பக்கத்தில் இருப்பார் என்று நினைத்தேன். அழகாக இருக்கும் என்றும் நினைத்தேன். இதைப் படிக்கும் யாரும் அப்படி நினைக்காதீர்கள். எந்த நிலையிலும் சாவியைக் கொடுக்காதீர்கள்.

மாமா வண்டியின் முகப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றி நடந்தார். நாங்கள் தாங்கப் போனோம், கையைத் தட்டிவிட்டார். ஓட்டுநர் இருக்கையில் ஏறியது எப்படி என்று தெரியவில்லை. ஏறிவிட்டார். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். சாவியைப் போட்டார். எஞ்சின் ஓடியது. அவர் முதுகு நேராக இருந்தது. நோய் வந்த பிறகு நான் அப்படிப் பார்த்ததில்லை. பாபு பக்கத்து இருக்கையில் கைப்பிரேக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மாமா இடது காலை கிளட்ச்சில் வைத்து அழுத்தினார்.

அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியவில்லை. இத்தனை மாத நோயில் அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் வலிச் சத்தம். பாபு எஞ்சினை அணைத்தார். வேன் ஓரடிகூட நகரவில்லை.

காலை எடுக்க முடியவில்லை. தொட்டாலே கத்தினார். பாபு முதலில் அழுதார், அத்தை பிறகு. நான் போனை எடுத்தேன். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. செவிலியர் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். சொன்னேன். அவர் யாரையும் திட்டவில்லை. "இப்ப ஒரு வேளை மாத்திரை மட்டும் குடுங்க. விட்டுப்போனதை எல்லாம் சேர்த்துக் குடுத்துடாதீங்க. பக்கத்துல எங்கயாவது படுக்க வைங்க. வலி குறையாம வண்டிய ஓட்டாதீங்க. காலுக்கு உணர்வு இருக்கான்னு பாருங்க. உணர்வு இல்லன்னா, சிறுநீர் போகலன்னா, உடனே இங்க வந்துடணும்" என்றார். கால் விரலைத் தொட்டேன். உணர்வு இருந்தது. அத்தை புது அட்டையிலிருந்து மாத்திரை எடுத்து வாயில் போட்டு, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். குழந்தைக்குப் பார்ப்பதுபோல. மாமா திறந்து காட்டினார். அந்தக் காட்சி இல்லாமல் என்னால் இந்தச் சாலையை இனி நினைக்க முடியாது.

படுக்க இடம் தேட வேண்டியிருந்தது. எதிரே நூறடி தள்ளி, தகரக் கூரை போட்ட டீக்கடை. கடைக்காரர் ஒரு முஸ்லிம் பாய். என்ன ஏது என்று கேட்கும் முன்பே பெஞ்சைக் காலி செய்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து மெத்தை கொண்டுவந்தார். மாத்திரை கொஞ்சம் பிடித்ததும் நாலு பேருமாகப் போர்வையில் வைத்துத் தூக்கினோம்.

"எங்க அத்தாவும் இப்டித்தான்" என்றார் பாய், தன் அப்பாவைச் சொல்லி, டீ ஆற்றிக்கொண்டே. "மாத்திரைய எல்லாம் ஜன்னலோரம் தொட்டியில போட்டுட்டாரு. நாங்க செடி வாடிப்போச்சேன்னு அதுக்குத் தனியா உரம் வெச்சிகினு இருந்தோம்."

மாமாவின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு செவிலியரே அழைத்தார். மாமாவிடம் பேச வேண்டும் என்றார். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"ஐயா, இப்ப எத்தனை?"

"ஆறு."

"வண்டியில?"

"அது… பத்துக்கு மேல கீதாம்மா?"

"காலையில டாக்டர்கிட்ட ரெண்டு சொன்னீங்களே. அப்ப நெஜமா எத்தனை?"

மாமா கூரையைப் பார்த்தார். "எட்டு."

"போன வாரம்?"

"ஏழு, எட்டு. எப்பவுமே அவ்ளோதாம்மா."

"ஏன்யா சொல்லல?"

"சொன்னா டோஸ ஏத்துவீங்க. நான் தூங்கிகினே கெடப்பேன். அப்புறம் வண்டி எப்டி ஓட்றது?"

பாய் அடுப்பைக் குறைத்தார்.

"ஓட்டலன்னா நான் யாரும்மா? வூட்ல ஒரு சாமான். தொடைச்சி வெக்கறாங்க, தூக்கி வெக்கறாங்க. நல்லாத்தான் பாத்துக்கறாங்க. நான் கொற சொல்லல. காலைல நாலு மணிக்கு முழிப்பு வருது, ஷிப்டு டைம்மு. எந்திரிச்சி எங்க போறது?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். நாலு மணிக்கு அவர் விழித்திருப்பது அத்தைக்குத் தெரியும். வலி என்று நினைத்து நெற்றியில் தைலம் தேய்ப்பாராம்.

செவிலியர் சொன்னார்: "ஐயா, மாத்திரை போட்டுட்டு ஓட்டலாம்னு நான் பொய் சொல்ல மாட்டேன். இந்த முதுகோட, போடாமலும் ஓட்ட முடியாது. ஆனா தூக்கம் முதல் சில நாள்தான் ஜாஸ்தி இருக்கும், பெறகு தெளியும். அதை நாங்க உங்களுக்கு இன்னும் நல்லா சொல்லியிருக்கணும். இந்த நாலு மணி விஷயம் இருக்கு பாருங்க, அதுவும் வலிதான். அதுக்குப் பேசறதுக்கு எங்ககிட்ட ஆள் இருக்காங்க. அடுத்த வியாழன் வாங்க. நெஜ நம்பரோட வாங்க."

"வரேம்மா" என்றார் மாமா. பிறகு பாபுவைப் பார்த்து, "கிளட்ச்சு டைட்டாத்தான்டா வெச்சிகினு கீற" என்றார்.

"ஆமா நைனா. மாத்தணும்" என்றார் பாபு. மூக்கைச் சிந்திக்கொண்டு.

இரண்டரை மணிவரை அங்கேயே இருந்தோம். பாய் டீக்கும் பிஸ்கட்டுக்கும் மட்டும் வாங்கிக்கொண்டார். புதுப்பட்டினம் கடைத்தெருவுக்குப் போய்ப் பாபு பிரியாணி வாங்கி வந்தார். யாரும் அதிகம் சாப்பிடவில்லை. மாமாவுக்கு வலி நாலுக்கு வந்திருந்தது. நிஜமான நாலு. திரும்பும்போது புதுப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றத்துக்கு நேர்வழி பிடித்தோம். மாமல்லபுரம் போக வேண்டியதில்லை, தூரம் குறைவு. மாமா தூங்கிவிட்டார். ஐந்துக்கு முன்னால் வீடு.

அடுத்த வியாழன் மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டினார். அவருக்கு முகம் வாடியிருந்தது. ஒவ்வொரு வாரமும் வலி எண்ணைக் கேட்டேனே என்றார். கேட்டார்தான். நாங்களும் நேரம் தவறாமல் மாத்திரை கொடுத்தோம்தான். நாலைந்து நாள் தூக்கம். பிறகு செவிலியர் சொன்னதுபோலவே தெளிந்தார். ஆலோசகர் ஒருவர் இரண்டு முறை மாமாவோடு தனியாக உட்கார்ந்து பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் நாலு மணிக்கு அத்தையும் எழுந்து காப்பி போட ஆரம்பித்தார். இருவரும் விளக்குப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். முதல் ஷிப்ட் எடுக்கப் போகிற பாபு வாசலில் வண்டியை நிறுத்தி, எந்த ரோட்டில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போவார். பாபுவுக்குத் தெரியாமல் இல்லை.

எண் இரண்டுக்கு வந்தது. ஒரு நாள் ஒன்று. இந்த முறை பொய் இல்லை. ஆனால் அதற்குள் கால்கள் போய்விட்டன. வாசல் வரைகூட நடக்க முடியவில்லை. காலில் பலம் இருந்த மாதங்கள் முழுக்க அவர் வலியோடு இருந்தார். வலி விட்டபோது கால் இல்லை. அந்த இரண்டும் சேர்ந்து இருந்திருக்க வேண்டிய சில வாரங்கள் இருந்தன. செப்டம்பர், அக்டோபர். அந்த வாரங்களில் அவர் முன்னிருக்கையில் உட்கார்ந்து எங்கள் எல்லோரையும் திட்டிக்கொண்டே எந்தச் சாலையிலும் போய் வந்திருக்கலாம். வலி இல்லாமல். அதை நாங்கள் தொலைத்தோம். யார் தொலைத்தது என்று பிரித்துப் பார்த்தால் பழி ஒருவர் மேலும் நிற்கவில்லை.

பொங்கலுக்கு முன்னால் மாமா போய்விட்டார். வலி இருக்கவில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கு. டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள். மழை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேன் நல்லது. காரில் முதுகைச் சாய்க்க இடம் போதாது. மாத்திரை போட்டு அரை மணி கழித்து, அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு கிளம்புங்கள். மாத்திரையை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். ஒன்று தொலைந்தாலும் மற்றது இருக்கும். மருத்துவச் சீட்டும் உடன் இருக்கட்டும். மருத்துவமனை எண் உங்கள் போனில் மட்டும் போதாது, ஓட்டுநர் போனிலும் இருக்கட்டும். மாமல்லபுரத்தில் பன்னிரண்டு முதல் மூன்று வரை வெயில், கல்லும் மணலும் சுடும். அந்த நேரத்தில் அறையில் இருங்கள். புதுப்பட்டினம் சாலையில் மாற்றுப்பாதைகள் இப்போதும் இருக்கின்றன என்று பாபு சொல்கிறார்.

வலி எண் கேட்கும்போது வீட்டார் எல்லோரும் சுற்றி நிற்காதீர்கள். ஒரு தடவையாவது நோயாளியை மருத்துவரோடு தனியாக விடுங்கள். மாத்திரைக்கு ஏன் பயப்படுகிறார் என்று கேளுங்கள். பழகிவிடும் என்ற பயம், கடைசிக்காலம் வந்துவிட்டது என்ற பயம், இப்படி எல்லோருக்கும் பொதுவான பயங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மருத்துவரிடம் பதில் தயாராக இருக்கிறது. நோயாளிக்கே உரிய ஒன்று அவற்றின் பின்னால் இருக்கும். அது அவர் செய்த வேலையில் இருக்கலாம்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று அத்தை இப்போதும் சொல்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது ஜோக் அடித்திருப்பார். கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இரண்டு தடவை கேளுங்கள்.